மாடர்ன் டாக்கின் முதல் இசைத்தொகுப்பு: இரண்டு பாடல்களோடு நிறுத்திக்கொள்ளக் கூடாத ஒன்று

தாய்லாந்தின் ஆல்டர்னேட்டிவ் ராக் இசையை, அதாவது வழக்கமான பாப் வார்ப்புக்கு வெளியே நிற்கும் ராக் இசையை, எங்கிருந்து தொடங்குவது என்று சிங்கப்பூரில் ஒரு தமிழ் ரசிகர் விசாரித்தால், அவருக்குக் கிடைக்கும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: மாடர்ன் டாக் குழுவின் 'கோன்', 'புஸபா' ஆகிய இரண்டு பாடல்களைக் கேட்டுவிடுங்கள், பிறகு அடுத்த குழுவுக்குப் போங்கள். இந்த மதிப்புரை அந்த அறிவுரைக்கு எதிராக எழுதப்படுகிறது. 1994-இல் வெளிவந்த 'சோம் சுக்கபாப்' என்னும் அவர்களது முதல் இசைத்தொகுப்பை முதல் பாடலிலிருந்து கடைசிப் பாடல் வரை வரிசை மாற்றாமல் கேட்டால்தான், பல்கலைக்கழக மாணவர்கள் சேர்ந்து அமைத்த ஒரு குழு எப்படி ஒரு நாட்டின் இசைத்தொழிலையே அசைத்தது என்பது விளங்கும். வெற்றி பெற்ற பாடல்களை மட்டும் பொறுக்கிக் கேட்பவருக்கு, நல்ல குரல் வாய்ந்த ஒரு பாப் குழு அறிமுகமாகும். அதற்கு மேல் எதுவும் கிடைக்காது.

தலைப்பைத் தமிழில் 'உடல்நலம் பேணுதல்' என்று சொல்லலாம். சத்து மாத்திரைப் புட்டியில் ஒட்டியிருக்க வேண்டிய அந்தச் சொற்றொடரை ஒரு ராக் தொகுப்பின் மேல் எழுதி வைத்த குறும்பு, உள்ளே இருக்கும் இசையிலும் இருக்கிறது. 'புஸபா' வேகமான பாடல். கிட்டார் நீண்டு ஒலிக்காமல் வெட்டி வெட்டி இசைக்க, டிரம்ஸ் அதைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டே போகிறது. 'கோன்' அதற்கு நேர்மாறானது. அமைதியாகத் தொடங்கி, பாடகரின் குரல் மெல்ல மெல்ல மேலேறி, கடைசியில் நெஞ்சைத் திறந்து கத்தும் இடத்துக்கு வந்து சேர்கிறது. இந்த இரண்டும் இன்றுவரை தாய்லாந்தில் மேடைக் கச்சேரிகளிலும் கல்லூரி விழாக்களிலும் பாடப்பட்டு வருகின்றன. ஆனால் இவற்றுக்கு இடையிலும் முன்னும் பின்னும் இருக்கும் பாடல்களில்தான் குழு தன்னை மறந்து விளையாடுகிறது. ஒரு பாடல் பாதியில் தாளத்தை மாற்றிக்கொள்கிறது. இன்னொன்றில் பாடகர் பாடுகிறாரா, பேசுகிறாரா, யாரையாவது கேலி செய்கிறாரா என்று உறுதியாகச் சொல்ல முடிவதில்லை. சில இடங்களில் கிட்டாரின் இரைச்சல் குரலை விழுங்கிவிடுகிறது, அதைத் திருத்தாமல் அப்படியே விட்டிருக்கிறார்கள். தேர்ந்த ஒலிப்பதிவுக் கலைஞர் ஒருவர் இந்தத் தொகுப்பை இன்று கையிலெடுத்தால், முதல் வேலையாக இந்த இடங்களைத்தான் மழித்துச் சீராக்குவார். என் கணிப்பில், அப்படிச் சீராக்கியிருந்தால் இந்தத் தொகுப்பை இன்று யாரும் நினைவில் வைத்திருக்க மாட்டார்கள்.

பாடகர் தனச்சாய் உஜ்ஜின், ரசிகர்களுக்கு வெறும் 'பாட்'. அவருடைய குரலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தாய்லாந்து மொழி தெரியாத நம்மைப் போன்றவர்கள் முதலில் பற்றிக்கொள்ளும் கைப்பிடி அதுதான். அந்த மொழியில் 5 தொனிகள் உண்டு. தொனி மாறினால் சொல்லே மாறிவிடும். ஆகவே அங்கே மெட்டமைப்பவர்கள், சொல்லின் தொனி ஏறும் இடத்தில் சுரமும் ஏறும்படி, இறங்கும் இடத்தில் இறங்கும்படி பார்த்துக்கொள்வது வழக்கம். பாட் இந்தக் கட்டுப்பாட்டை ஒரு சுமையாக எடுத்துக்கொள்வதே இல்லை. ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிக்கொண்டு போகிறார், கீழே பேச்சுக்குரலில் ஆரம்பித்து, எதிர்பாராத நேரத்தில் பொய்க்குரலுக்குத் தாவுகிறார். நம் இசையில் கமகத்தைக் கேட்டு வளர்ந்த காதுக்கு இந்த வழுக்கல் அந்நியமாகத் தோன்றுவதில்லை. மேற்கத்திய ராக் பாடகர்களைக் காட்டிலும் இவர் நமக்குச் சீக்கிரம் பழகிவிடுகிறார் என்பது என் அனுபவம். மேடையில் அவர் ஆடும் ஆட்டம், கைகால்கள் ஒவ்வொன்றும் தனித்தனியாக முடிவெடுப்பது போன்ற அந்த ஆட்டம், ஒலிப்பதிவில் தெரியாது. அதைக் காணொளிகளில் பார்த்துக்கொள்ளலாம்.

குழுவின் கதை பேங்காக்கின் சூலாலங்கோன் பல்கலைக்கழகத்தில் தொடங்குகிறது. பாட், கிட்டார் வாசிக்கும் மேத்தி, டிரம்ஸ் வாசிக்கும் போங், பேஸ் கிட்டார் வாசிக்கும் பாப் ஆகிய நால்வரும் மாணவர்களாக இருந்தபோது சேர்ந்தவர்கள். 1992-இல் ஒரு குளிர்பான நிறுவனத்தின் ஆதரவில் நடந்த இசைப்போட்டியில் அவர்கள் வெற்றி பெற்றார்கள். போட்டியில் வென்ற மாணவர் குழுக்கள் அதற்கு முன்பும் இருந்தன, பின்பும் இருந்தன. பெரும்பாலானவை பட்டமளிப்பு விழாவோடு கலைந்தும் போயின. மாடர்ன் டாக் கலையாமல் போனதற்குக் காரணம் திறமை மட்டுமன்று. அன்றைய தாய்லாந்து இசைத்தொழில் எப்படி இயங்கியது என்பதைப் பார்த்தால் மற்ற காரணமும் தெரியும்.

1983-இல் ரேவத் புத்தினனும் பைபூன் தம்ரோங்சைதாமும் தொடங்கிய கிராமி நிறுவனமும், அதற்குப் போட்டியாக வளர்ந்த ஆர்எஸ் நிறுவனமும் 1990-களின் தொடக்கத்தில் பாப் சந்தையைக் கிட்டத்தட்டப் பங்கிட்டுக்கொண்டிருந்தன. அவர்களிடம் பாடலாசிரியர்கள், மெட்டமைப்பாளர்கள், இசைக்கோப்பாளர்கள், ஒலிப்பதிவுக் கூடங்கள், தொலைக்காட்சி நேரம், வானொலி நேரம் எல்லாமே ஒரே கூரையின்கீழ் இருந்தன. முகமும் குரலும் மட்டும் வெளியிலிருந்து வந்தால் போதும், மற்றவை அனைத்தும் உள்ளேயே தயாராகும். இந்த ஏற்பாட்டில் நல்ல பாடல்கள் வரவே இல்லை என்று சொல்வது நியாயமாகாது, நிறையவே வந்தன. ஆனால் எந்தப் பாடல் எப்படி ஒலிக்க வேண்டும், எது தொகுப்பில் இடம்பெற வேண்டும், எந்த இரைச்சலை நீக்க வேண்டும் என்பதையெல்லாம் முடிவு செய்பவர் வாசிப்பவராக இருக்கமாட்டார். 1994-இல் கிராமி பங்குச் சந்தையிலேயே பட்டியலிடப்பட்டது. அந்த அளவுக்கு வளர்ந்த ஒரு நிறுவனம், பாதியில் தாளம் மாறும் பாடல்களைக் கொண்டுவரும் மாணவர்களிடம் என்ன சொல்லியிருக்கும் என்பதை ஊகிக்கப் பெரிய கற்பனை வேண்டியதில்லை.

அதே 1994-இல்தான் பேக்கரி மியூசிக் தோன்றியது. கமோல் 'சுகி' சுகோசோல் கிளாப், பாய்ட் கோசியபோங், சோம்கியட் அரியசாய்பனிச் முதலானோர் சேர்ந்து நிறுவிய சிறிய இசை நிறுவனம் அது. சுகியின் குடும்பம் பேங்காக்கில் ஹோட்டல் நடத்தும் வசதியான குடும்பம் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் 'சுயாதீன இசை' என்றதும் கையில் காசில்லாத இளைஞர்கள் கடன் வாங்கிச் சாதித்த கதையாக அதை எழுதிவிடும் பழக்கம் எல்லா ஊர்களிலும் இருக்கிறது. அந்நிறுவனம் வெளியிட்ட முதல் தொகுப்பு 'சோம் சுக்கபாப்'. புதிய நிறுவனத்துக்குப் பின்பற்றியாக வேண்டிய முன்மாதிரி எதுவும் இல்லை, புதிய குழுவுக்கும் இல்லை. விளைவு, குழு விரும்பியபடியே பதிவான ஒரு தொகுப்பு, அதுவும் லட்சக்கணக்கில் விற்ற தொகுப்பு. அதே ஆண்டில் இங்கிலாந்தின் ராக் குழுவான ரேடியோஹெட் பேங்காக்கில் கச்சேரி செய்தபோது, அவர்களுக்கு முன்னால் மேடையேறியதும் மாடர்ன் டாக்தான்.

நான் மேலே குறிப்பிட்ட ஒழுங்கின்மைகளை இந்தப் பின்னணியில் வைத்துக் கேட்க வேண்டும். யாரும் வெட்டாமல் விட்ட நீளம், யாரும் அடக்காமல் விட்ட கத்தல், இரண்டு வெற்றிப் பாடல்களுக்கு நடுவே எந்த வானொலியும் ஒலிபரப்பத் தயங்கும் ஒரு பாடல். முடிவெடுக்கும் உரிமை யாரிடம் இருந்தது என்பதை இந்தத் தொகுப்பில் காதால் கேட்கவே முடிகிறது. பாடல் பட்டியலிலிருந்து இரண்டை மட்டும் உருவி எடுத்தால் அழிந்துபோவது இதுதான்.

ஒரு திருத்தமும் அவசியம். தாய்லாந்தின் ராக் இசையே மாடர்ன் டாக்கோடு தொடங்கியது என்று சில அறிமுகக் கட்டுரைகள் எழுதுகின்றன, அது உண்மையன்று. 1981-இல் உருவான கராபாவ் குழு, 'வாழ்க்கைக்கான பாடல்கள்' என்று அங்கே அழைக்கப்படும் சமூகப் பாடல் மரபை ராக் வடிவத்தில் நாடெங்கும் கொண்டு சேர்த்திருந்தது. அசனி, வசன் என்னும் சகோதரர்கள் 1980-களில் கிட்டார் இசைக்குப் பெரிய ரசிகர் கூட்டத்தை உருவாக்கியிருந்தார்கள். மாடர்ன் டாக் கொண்டுவந்தது வேறொன்று: சமூகச் செய்தி சொல்லும் பொறுப்பும் இல்லாமல், நிறுவனத்தின் வார்ப்பும் இல்லாமல், நகரத்து இளைஞர்களின் குழப்பத்தையும் கிண்டலையும் அப்படியே பாடலாக்கும் துணிச்சல்.

தமிழ் வாசகர்கள் இதைத் தங்கள் இசை வரலாற்றோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் இருக்க முடியாது. மாடர்ன் டாக் போட்டியில் வென்ற அதே 1992-இல்தான் ஏ. ஆர். ரஹ்மான் திரையிசைக்கு வந்தார். நம்மிடம் புதிய ஒலி திரைப்படம் வழியாக வந்தது. இயக்குநரும் தயாரிப்பாளரும் ஒருவரை நம்பினால் போதும், மறுநாள் காலை அது எல்லா வீட்டிலும் ஒலிக்கும். தாய்லாந்தில் பாப் பாடலுக்குத் திரைப்படம் அந்த அளவுக்கு வாகனமாக இல்லை. தொகுப்புகளும் அவற்றை வெளியிடும் நிறுவனங்களுமே பாதை. எனவே அங்கே ஒலியை மாற்ற நினைத்தவர்கள் நிறுவனத்தையே மாற்ற வேண்டியிருந்தது. தமிழில் திரைக்கு வெளியே ஒரு இசைக்குழு பெருங்கூட்டத்தைச் சென்றடைய இன்றும் எவ்வளவு பாடுபட வேண்டியிருக்கிறது என்பதை யோசித்தால், பேக்கரி மியூசிக் செய்த வேலையின் அளவு நமக்கு மற்றவர்களைவிட நன்றாகவே புரியும்.

சிங்கப்பூரிலும் 1992 ஒரு குறிப்பிடத்தக்க ஆண்டுதான். வேத, உபநிடதக் கருத்துகளை டெத் மெட்டல் இசையோடு இணைத்த ருத்ரா குழு அந்த ஆண்டில்தான் இங்கே உருவானது. நம்மவர்கள் முன்னின்று நடத்தும் குழு. அவர்களது முதல் தொகுப்பு வர 1998 ஆகிவிட்டது. உள்நாட்டு ஆங்கில ராக் குழுவான ஹம்ப்பேக் ஓக் தன் முதல் தொகுப்பை 1994-இல், அதாவது மாடர்ன் டாக் வெளியிட்ட அதே ஆண்டில், வெளியிட்டது. இரண்டும் தரத்தில் எந்த வகையிலும் குறைந்தவை அல்ல. ஆனால் ஒரே மொழி பேசும் ஏறக்குறைய 6 கோடி மக்களின் சந்தை பேங்காக் குழுவுக்குப் பின்னால் இருந்தது. நான்கு மொழிகளாகப் பிரிந்து கிடக்கும் நம் சின்னச் சந்தையில், ஆங்கிலத்தில் பாடினால் அமெரிக்கப் பாடல்களோடும் தமிழில் பாடினால் சென்னைப் பாடல்களோடும் போட்டி போட வேண்டும். ருத்ரா வெளிநாட்டு மெட்டல் ரசிகர்களிடம் பெற்ற மதிப்பில் பாதியைக்கூட உள்ளூர்த் தமிழரிடம் பெறவில்லை என்பது என் நீண்ட நாள் மனக்குறை. அதை இங்கே வளர்க்கவில்லை.

மாடர்ன் டாக் சிங்கப்பூரில் பரவலாக அறியப்படாமல் போனதற்கு இன்னொரு காரணமும் உண்டு. தாய்லாந்து என்றதும் நம் மனத்தில் எழுவது பீச் ரோட்டில் இருந்த கோல்டன் மைல் காம்ப்ளெக்ஸ்தான். ஹாட்யாய்க்குப் புறப்படும் பேருந்துகள், ஞாயிற்றுக்கிழமைகளில் கூடும் கட்டுமானத் தொழிலாளர்கள், உணவுக்கடைகள், மளிகைக்கடைகள் என்று அது ஒரு குட்டித் தாய்லாந்தாகவே இருந்தது. அங்கே கடைகளில் ஒலித்தவை பெரும்பாலும் கிராமத்து வாழ்வைப் பாடும் லூக் துங் பாடல்களும், வடகிழக்கின் மோர் லாம் இசையும், கராபாவும். ஊரையும் வயலையும் விட்டு வந்து கம்பி கட்டும் ஒருவருக்குப் பேங்காக் மாணவர்களின் கிண்டல் எந்த வகையில் ஆறுதல் தரும்? லிட்டில் இந்தியாவில் ஞாயிறு மாலையில் நம் தொழிலாளர்கள் கேட்கும் பாடல்களுக்கும், கல்லூரி மாணவர்கள் காதொலிக்கருவியில் கேட்கும் பாடல்களுக்கும் உள்ள தூரம்தான் அங்கேயும் இருந்தது. ஆகவே கோல்டன் மைல் வழியாக மாடர்ன் டாக் நமக்கு வந்து சேரவில்லை. இனி எதுவும் அந்த வழியாக வரப்போவதும் இல்லை. 2021-இல் கட்டடம் பாதுகாக்கப்பட வேண்டியதாக அறிவிக்கப்பட்டு, பின்னர் விற்கப்பட்டு, 2023-இல் கடைக்காரர்கள் அனைவரும் காலி செய்துவிட்டார்கள். இசையின் வர்க்க வேறுபாட்டைப் பற்றி இந்தக் குழுவைக் கொண்டாடும் கட்டுரைகள் வாய் திறப்பதில்லை. ஒரு தலைமுறையின் குரல் என்று சொல்லும்போது, அந்தத் தலைமுறையில் யாருடைய குரல் என்று கேட்பதில் தவறில்லை.

அடுத்து வந்த தொகுப்புகளை வேகமாகப் பார்த்துவிடலாம். 1997-இல் வந்த 'கஃபே' முதல் தொகுப்பைவிட இறுக்கமானது, கேட்பவரை உள்ளே விட அவசரம் காட்டாதது. எனக்கு அதில் பாதிதான் பிடிக்கும். அந்த ஆண்டு ஜூலை மாதத்தில் தாய்லாந்தின் பாட் நாணயம் மிதக்கவிடப்பட்டு ஆசிய நிதி நெருக்கடி வெடித்தது; பேக்கரி போன்ற சிறு நிறுவனங்களுக்கு அது பெரும் அடி. பின்னாளில் அந்நிறுவனம் பிஎம்ஜி என்னும் பன்னாட்டு நிறுவனத்தின் கைக்குப் போனது, நிறுவியவர்களும் தத்தம் வழியே பிரிந்தார்கள். பேஸ் வாசித்த பாப் குழுவைவிட்டு விலக, எஞ்சிய மூவரோடு மாடர்ன் டாக் தொடர்ந்தது. 2001-இல் வந்த 'லவ் மீ லவ் மை லைஃப்' அந்த மாற்றத்தின் நடுவே பதிவான தொகுப்பாகவே ஒலிக்கிறது. முதல் தொகுப்பைக் கேட்டுப் பிடித்துப்போனவர்கள் மட்டும் இதைத் தேடினால் போதும்.

2004-இல் வந்த 'தாட் சாங்' வேறு ரகம். பெல் அண்ட் செபாஸ்டியன், மொக்வாய் ஆகிய ஸ்காட்லாந்துக் குழுக்களோடு பணியாற்றிய டோனி டூகன் இதைத் தயாரித்தார். கத்த வேண்டிய தேவையிலிருந்து விடுபட்ட ஒரு குழுவை இதில் கேட்கலாம். டிரம்ஸ் அடங்கிய குரலில் பேசுகிறது, கிட்டாரைச் சுற்றி இடைவெளி இருக்கிறது, கீபோர்டு ஒலிகள் மூலைகளில் மின்னி மறைகின்றன, பாடகர் ஒரு வரியை முடித்துவிட்டு அடுத்த வரிக்கு அவசரப்படாமல் காத்திருக்கிறார். ஒலித்தரம் என்ற ஒன்றை மட்டும் அளவுகோலாக வைத்தால், ஐயமின்றி இதுதான் அவர்களது சிறந்த தொகுப்பு. நல்ல காதொலிக்கருவி வைத்திருப்பவர்கள் இதில் தொடங்க ஆசைப்படுவார்கள். நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். முதல் தொகுப்பின் முரட்டுத்தனத்தைக் கேட்காமல் நேரே இங்கே வருபவருக்கு, இந்த நிதானம் எதிலிருந்து கிடைத்த நிதானம் என்பது தெரியாமல், இது இன்னொரு மென்மையான 'இண்டி' (சுயாதீன இசை) தொகுப்பாகக் கடந்து போய்விடும். 2008-இல் 'திங் நோங் நோய்' வந்தது. விளையாட்டுத்தனம் மீண்டிருக்கிறது, முதல் தொகுப்பின் அழுத்தம் மீளவில்லை.

இனி தாக்கத்தைப் பற்றி. மாடர்ன் டாக்கைப் போலவே ஒலிக்கும் குழுக்களைத் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும், ஏனென்றால் அவர்களை அச்சு அசலாகப் பின்பற்றியவர்கள் யாரும் பெரிதாக நிலைக்கவில்லை. தாக்கம் வேறு இடத்தில் நிகழ்ந்தது. ஒரு குழு தான் விரும்பியபடி உருவாக்கி, தானே வாசித்த தொகுப்பு விற்கும் என்று கணக்குப் புத்தகத்திலேயே நிரூபணமானதும், பெரிய நிறுவனங்கள் அதைக் கவனிக்காமல் இருக்க முடியவில்லை. முன்பு குறிப்பிட்ட சகோதரர்களில் ஒருவரான அசனி, கிராமியின்கீழ் இயங்கிய மோர் மியூசிக் பிரிவின் வழியாக 1996-இல் லோசோ குழுவை அறிமுகப்படுத்தினார். லோசோ அடைந்த புகழ் மாடர்ன் டாக் அடைந்ததைவிடப் பரவலானது, கிராமங்கள் வரை சென்றது. பேக்கரியில் தொடங்கிய சில்லி ஃபூல்ஸ், பிறகு மோர் மியூசிக்குக்கு மாறி உச்சத்தைத் தொட்டது. சுயாதீனமாகத் தொடங்கிய அலையைப் பெரிய நிறுவனங்கள் விழுங்கிவிட்டன என்று இதைக் குறைசொல்பவர்கள் உண்டு. நான் அதை அப்படிப் பார்க்கவில்லை. விழுங்குவதற்காகவாவது அவை தங்கள் பழைய தயாரிப்பு முறையைத் தளர்த்த வேண்டியிருந்தது.

1999-இல் ஸ்மால்ரூம் என்னும் சிறு நிறுவனம் தொடங்கப்பட்டது. ஸ்லர் போன்ற குழுக்கள் அங்கிருந்து வந்தன. 2000-இல் ஃபேட் ரேடியோ 104.5 ஒலிக்கத் தொடங்கி, பெரிய நிறுவனங்களின் வானொலிகளில் இடம் கிடைக்காத பாடல்களை ஒலிபரப்பியது. அடுத்த ஆண்டே ஃபேட் ஃபெஸ்டிவல் என்னும் இசைவிழாவையும் நடத்தியது. சிறு நிறுவனங்கள் தங்கள் தொகுப்புகளை நேரடியாக ரசிகர்களிடம் விற்கும் சந்தையாகவும் அந்த விழா இருந்தது. ஃபேட் ரேடியோ நின்றபின் கேட் ரேடியோ அந்த இடத்தை எடுத்துக்கொண்டது. இவற்றில் எதையும் மாடர்ன் டாக் உருவாக்கவில்லை, உருவாக்கியதாகச் சொல்வது மிகை. ஆனால் இப்படியொரு வானொலிக்கும் விழாவுக்கும் கேட்பவர்கள் இருக்கிறார்கள் என்ற நம்பிக்கையை முதலில் உண்டாக்கியது 1994-இன் அந்த ஒற்றைத் தொகுப்புதான். நம் இளையர்கள் இன்று தாய்லாந்துப் பாடகர் பூம் விபுரித் போன்றவர்களைக் கேட்டுவிட்டுத் தாய்லாந்தின் சுயாதீன இசை திடீரென்று முளைத்ததாக நினைக்கிறார்கள். முளைத்த நிலம் அதற்கு 20 ஆண்டுகளுக்கு முன்பே உழப்பட்டுவிட்டது.

வாங்க நினைப்பவர்களுக்குச் சில நடைமுறைக் குறிப்புகள். இசைச் செயலிகளில் குழுவின் பெயரை ஆங்கில எழுத்துகளில், இரண்டு சொற்களாக அல்லாமல் ஒரே சொல்லாகச் சேர்த்துத் தேடினால் விரைவில் அகப்படும். பாடல் பெயர்கள் பல இடங்களில் தாய்லாந்து எழுத்தில் மட்டுமே இருக்கும். அதனால் பெயரைத் தேடுவதைவிட ஆண்டைப் பார்த்துத் தொகுப்பைத் திறப்பது எளிது. அதிலும் ஒரு சிக்கல் உண்டு. நான் பயன்படுத்தும் செயலியில், பழைய தொகுப்புகளுக்கு முதலில் வெளிவந்த ஆண்டுக்குப் பதிலாக மறுவெளியீட்டு ஆண்டு போடப்பட்டிருக்கிறது, ஆகவே முதல் தொகுப்பு பட்டியலின் நடுவில் எங்கோ நிற்கிறது. செயலியின் 'அதிகம் கேட்கப்பட்டவை' பட்டியலைத் திறக்காதீர்கள். அது உங்களை மீண்டும் அந்த இரண்டு பாடல்களிடமே கொண்டுபோய் விடும். பாடல்களைக் கலைத்துப் போடும் பொத்தானையும் அணைத்து வைப்பது நல்லது.

குறுந்தட்டாக வாங்க விரும்புபவர்கள் சிங்கப்பூரின் பழைய இசைத்தட்டுக் கடைகளில் தேடுவதில் நேரத்தை வீணாக்க வேண்டாம். ஆங்கில, சீன, ஜப்பானியத் தொகுப்புகளுக்குத் தனித்தனி அடுக்குகள் வைத்திருக்கும் கடைகளில்கூடத் தாய்லாந்து இசைக்கு ஒரு அட்டைப்பெட்டிதான் இருக்கும், அதிலும் பெரும்பகுதி சுற்றுலாப் பயணிகள் நினைவுப்பொருளாக வாங்கி வந்து விற்றவை. பேங்காக்கிற்குப் போகும் நண்பர் யாரிடமாவது சொல்லி வைப்பது மலிவானது. பெரிய இணையச் சந்தைத் தளங்கள் வழியாக வரவழைத்தால், 400 வெள்ளிக்கு உட்பட்ட பொருளாயினும் 2023 தொடக்கத்திலிருந்து பொருள் சேவை வரி சேரும் என்பதையும், அந்த வரி இப்போது 9 விழுக்காடு என்பதையும் அஞ்சல் செலவோடு சேர்த்துக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள். பழைய தட்டு என்றால் உள்ளிருக்கும் சிற்றேட்டின் படத்தை அனுப்பச் சொல்லி விற்பவரிடம் கேளுங்கள். நம் பருவநிலையைப் போலவே பேங்காக்கின் ஈரப்பதமும் தாளுக்குப் பகை. தட்டு நன்றாக இருந்தாலும் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருக்கும்.

முதல் தொகுப்பை ஒலிபெருக்கியில் கேட்பதே மேல் என்பது என் கருத்து. காதொலிக்கருவியில் கேட்டால் நடுவொலிகள் நெரிசலாகத் தெரிகின்றன, டிரம்ஸ் வறண்டு ஒலிக்கிறது. 1990-களின் குறைந்த செலவுப் பதிவுகளுக்கு உரிய குறைகள் இவை. அறையில் காற்று அசையும்படி ஒலிக்கவிட்டால் இந்தக் குறைகள் கரைந்து, பேஸ் கிட்டார் தன் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) அடுக்குமாடி வீட்டில் இருப்பவர்கள் இதற்குச் சனிக்கிழமைப் பிற்பகலைத் தேர்ந்தெடுக்கலாம். 'கோன்' முடியும் இடத்தில் ஒலியைக் குறைக்க மனம் வராது, சுவருக்கு அப்பால் இருப்பவருக்கு அந்தப் பாடல் பிடித்திருக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. 'தாட் சாங்'கை இரவில் காதொலிக்கருவியில் கேட்டுக்கொள்ளலாம். இரண்டையும் வாங்கக் கையில் காசிருந்தால் இரண்டையும் வாங்குங்கள். ஒன்றுதான் முடியும் என்றால் 1994. வெற்றிப் பாடல்களின் திரட்டு என்று விற்கப்படும் எதையும் வாங்காதீர்கள், பாதி விலைக்குக் கிடைத்தாலும்.